எழுபது நிமிடப் படம்: பழைய ஹாலிவுட்டின் பி படங்களை ரசித்துப் பார்ப்பது எப்படி

1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் தியேட்டர்காரர்கள் கூட்டத்தை இழுக்க ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். பெரிய நட்சத்திரங்கள் நடித்த ஏ படம் ஒன்று, அதற்குத் துணையாக ஒரு பி படம். ஏ படத்தின் வசூலில் ஸ்டுடியோவுக்குச் சதவீதப் பங்கு உண்டு. பி படத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்த வாடகை மட்டும்தான். கூட்டம் அலைமோதினாலும் அதற்கு மேல் ஒரு டாலர் வராது.

இந்த வியாபாரக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பி படத்தின் பாதி குணங்கள் விளங்கிவிடும். வருமானம் முன்கூட்டியே தெரிவதால் செலவையும் முன்கூட்டியே கட்டிப்போட்டார்கள். நீளம் 55 முதல் 75 நிமிடம். படப்பிடிப்பு சில நாள்கள், மிஞ்சினால் மூன்று வாரம். செட், உடை எல்லாம் வேறு படத்தில் மிஞ்சியவை. இன்னொரு பக்கமும் உண்டு. சொன்ன பணத்தில் சொன்ன தேதிக்குப் படத்தை முடித்துக் கொடுத்தால் உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று மேலிடம் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. துணிச்சலான இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. இந்தப் படங்களைத் தேடிப் பார்க்க வைப்பது அந்த இடைவெளிதான்.

முதல் வேலை: நல்ல பிரதி

பி படம் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் பார்த்தது படத்தை அல்ல, அதன் சிதைந்த பிரதியை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1964-க்கு முன் வெளியான அமெரிக்கப் படங்களுக்கு, வெளியான 28-ஆவது ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்தாக வேண்டும். சிறிய கம்பெனிகள் அதற்குள் மூடப்பட்டுவிட்டன, அல்லது கைமாறிவிட்டன. புதுப்பிக்க ஆளில்லாமல் நிறையப் படங்கள் பொதுச்சொத்தாகின. யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றானதும், தொலைக்காட்சிக்காக எடுத்த 16 எம்எம் பிரிண்ட்டிலிருந்து பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி என்று பரவியது. ஒவ்வொரு தலைமுறையிலும் நிழலுக்குள் இருந்த விவரம் கரியாகிறது, முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கின்றன. நிழலையே நம்பி எடுத்த படத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

எனவே படத்தைப் போடுமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். எட்கர் உல்மர் இயக்கிய 'டீடூர்' (1945) 68 நிமிடம். கையில் இருக்கும் கோப்பு 65 நிமிடம் சொச்சம் காட்டினால் பதற வேண்டாம். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக நொடிக்கு 24 ஃபிரேமை 25-ஆக ஓட்டிய பிரதி அது. எதுவும் வெட்டப்பட்டிருக்காது, ஆனால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் சற்று உயர்ந்திருக்கும். விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.96 ஆக வைத்தால் நடையும் பேச்சும் பழைய வேகத்துக்கு வந்துவிடும். 60 நிமிடத்துக்கும் கீழே இருந்தால் விளம்பர இடைவேளைக்காக வெட்டிய தொலைக்காட்சிப் பிரதி என்று எடுத்துக்கொண்டு வேறு தேடுங்கள்.

இரண்டாவது, பெயர் போடும் இடம். எழுத்துகளின் ஓரம் இருபுறமும் வெட்டுப்பட்டிருந்தால் படம் முழுக்க அப்படித்தான் இருக்கும். மூன்றாவது, நடுப்படத்தில் ஓர் இரவுக் காட்சிக்குத் தாவி, கறுப்புக் கோட்டு போட்டவரின் காலர் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிரதி தேறும்.

'டீடூர்' பல்லாண்டுகள் மோசமான பிரதிகளில்தான் கிடைத்துவந்தது. 2018-இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் காப்பகம் அதைச் சீரமைத்தது. பழைய பிரதியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நல்ல பிரதிக்கு ஏன் இவ்வளவு அலைய வேண்டும் என்ற கேள்வியே வராது. தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கிரைட்டீரியன், வார்னர் ஆர்கைவ், கினோ லார்பர் போன்றவை வெளியிட்ட வட்டுகள் அல்லது அவை தரும் ஸ்ட்ரீமிங். அடுத்து இன்டர்நெட் ஆர்கைவ் இணையதளம். அங்கே ஒரே படத்துக்கு ஏழெட்டுப் பதிவேற்றங்கள் இருக்கும், கோப்பின் அளவு பெரியதை முதலில் திறங்கள். வண்ணமேற்றிய பிரதி மட்டும்தான் கிடைக்கிறது என்றால் டிவியில் நிறத்தைச் சுழியத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். ஆனால் சாம்பல் நிறங்களின் அடுக்கு குழம்பியிருக்கும் என்பதால் அது கடைசி வழி.

டிவியும் ஒலியும்

1932 முதல் 1953 வரை ஹாலிவுட் படச்சட்டத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு. இன்றைய டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை. பட்டையைப் போக்க நினைத்து இழுத்தால் எல்லா முகமும் பூசணிக்காயாகும், ஜூம் செய்தால் தலையும் காலும் போகும். விஎல்சியில் ஆங்கில ஏ விசையைத் தட்டத் தட்ட விகிதம் மாறும், 4:3-இல் நிறுத்தினால் போதும். 1.37-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அசைவின்போது படத்தில் சீப்புப்பல்போல் கோடுகள் வந்தால் டி விசை.

டிவியின் பட அமைப்பில் 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறையை எடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது இல்லாத ஃபிரேம்களை நடுவில் செருகி, 1940-களின் படத்தைச் சீரியல்போல் ஆக்கிவிடும். ஷார்ப்னெஸ்ஸைத் தொப்பியின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும்வரை குறையுங்கள். நிற வெப்பம் 'வார்ம்' பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் கறுப்பு வெள்ளை நீலம் பாரிக்கும். அறை விளக்கை அணைப்பது இங்கே அலங்காரம் இல்லை. திரையின் முக்கால் பங்கு இருட்டாக இருக்கும் காட்சியில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு விழுந்தால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அக்கால ஒலி பிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாக இருந்தது, தியேட்டரில் அதன் உச்ச அதிர்வெண்களை வேண்டுமென்றே மழுக்கித்தான் ஒலிக்கவிட்டார்கள். இன்றைய ஸ்பீக்கரில் அப்படியே போட்டால் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் முன்னால் வந்து நிற்கும். ஈக்வலைசரில் 12, 14, 16 கிலோஹெர்ட்ஸ் பட்டைகளை முழுக்க இறக்குங்கள், 60 ஹெர்ட்ஸையும் பாதி இறக்குங்கள். 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினால் வசனம் தெளியும். அதற்கு மேல் ஏற்றினால் காதைக் குத்தும்.

சப்டைட்டில் பழுதுகள் இரண்டு வகை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளி வந்தால் விஎல்சியின் ஜி, ஹெச் விசைகளால் நகர்த்திச் சரிசெய்யலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது மேலே சொன்ன 24, 25 ஃபிரேம் குழப்பம். எவ்வளவு நகர்த்தினாலும் நிற்காது, சப்டைட்டிலின் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும். தானாக உருவாகும் சப்டைட்டிலை நம்பாதீர்கள். மூச்சுவிடாத பேச்சும் 1940-களின் தெருக் கொச்சையும் சேர்ந்தால் அது உளறத் தொடங்கும்.

எதைப் பார்ப்பது: பணமில்லாத இடம்

காசில்லாத இடத்தில் இயக்குநர் என்ன செய்தார் என்று தேடுவதுதான் பி படத்தைப் பார்க்கும் கண். அந்தக் கண் பழகிவிட்டால் சாதாரணப் படமும் சுவைக்கும்.

'டீடூர்' படத்தில் நாயகனும் காதலியும் நள்ளிரவில் நியூயார்க் தெருவில் நடந்து போகிறார்கள். தெரு எங்கே? இல்லை. படத்தைத் தயாரித்த பிஆர்சி கம்பெனியிடம் நியூயார்க் தெரு கட்டப் பணமில்லை. உல்மர் பனிமூட்டத்தை அடர்த்தியாக நிரப்பிவிட்டார். ஒரு விளக்குக் கம்பம், தெருப்பெயர்ப் பலகை, பனி, இரண்டு பேர். பிரியப்போகும் காதலர்கள் எதுவும் புலப்படாத வெண்மைக்குள் நடக்கிறார்கள். செட் இருந்திருந்தால் அந்தக் காட்சிக்கு இந்த வலி வந்திருக்காது. அதே படத்தில் அவன் கிழக்கிலிருந்து மேற்கே லாஸ் ஏஞ்சலஸுக்கு லிஃப்ட் கேட்டுப் போகும் சில ஷாட்களைக் கவனியுங்கள்: காரின் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும், வண்டிகள் சாலையின் இடதில் ஓடும். வரைபடத்தில் மேற்கு இடப்பக்கம் என்பதால், பயணம் வலமிருந்து இடமாகத் தெரிய நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்தார்கள். மறுபடி எடுப்பதைவிட அது மலிவு. சாலையோர உணவகத்தில் அவன் பழைய பாட்டைக் கேட்டதும் சுற்றிலும் வெளிச்சம் மங்கி, கண்களின் மேல் மட்டும் ஒளிக்கீற்று நிற்கிறதே, அதற்கு ஆனது ஒரு விளக்கும் அதை மங்கச்செய்ய ஓர் ஆளும்தான்.

இந்தப் படத்தை ஆறே நாளில் எடுத்தார்கள் என்ற கதை எங்கும் உலவுகிறது. உல்மரே பிற்காலத்தில் அப்படிச் சொன்னார். கம்பெனிக் கணக்குகளோ அதைவிட அதிக நாளும், ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவும் ஆனதைக் காட்டுகின்றன. பி படங்களைப் பற்றிய இப்படிப்பட்ட வீரக்கதைகளை இரண்டாவது முறை விசாரிக்காமல் ஏற்க வேண்டாம். உண்மைக் கணக்கே போதிய அளவு வியப்பைத் தரும்.

அடுத்து ஆர்கேஓ ஸ்டுடியோவின் 'கேட் பீப்பிள்' (1942), 73 நிமிடம். தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஸ்டுடியோ போட்ட நிபந்தனைகள்: செலவு ஒன்றரை லட்சம் டாலருக்குள், நீளம் 75 நிமிடத்துக்குள், தலைப்பை ஸ்டுடியோ கொடுக்கும். சிறுத்தையாக மாறும் பெண்ணைப் பற்றிய கதை. நம்பும்படி மாற்றிக்காட்டப் பணமில்லை. லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் மிருகத்தைப் பெரும்பாலும் நிழலிலேயே வைத்தார்கள். கதாநாயகியின் அடுக்ககத்தில் இருக்கும் அழகான மாடிப்படி ஆர்சன் வெல்ஸின் 'த மாக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்குக் கட்டியது.

அதில் ஒரு காட்சியை மூன்று தடவை பாருங்கள். ஆலிஸ் என்ற பெண் இரவில் பூங்காவின் கல்சுவர் ஓரமாக நடக்கிறாள். விளக்குக் கம்பங்களுக்கு அடியில் வெளிச்சத் திட்டு, இடையில் இருட்டு. பின்னால் இன்னொருத்தியின் குதிகால் ஓசை. ஒரு கட்டத்தில் அந்த ஓசை நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். சட்டென்று உறுமல்போல் ஒரு சத்தம், படச்சட்டத்துக்குள் பஸ் வந்து நிற்கிறது. கேட்டது காற்றுப் பிரேக்கின் சீறல். முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பயம் பெருமளவு போய்விடும், ஷாட்கள் எப்போது குறுகின்றன என்பது துலங்கும். மூன்றாவது தடவை கண்ணை மூடிக் கேளுங்கள். குதிகால் ஓசை நின்ற பிறகு பஸ் வரும்வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள். திகில் படங்களில் இன்று ஆயிரம் தடவை வரும் அந்தப் பொய்த் திடுக்கிடல் உத்திக்கு லூட்டனின் குழுவே வைத்த பெயர் 'பஸ்'. படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் அடுத்த ஆண்டே அதே குழுவில் இயக்குநரானார்.

கவனிக்க இன்னும் சில அடையாளங்கள். காருக்குள் பேசும் காட்சியில் பின்கண்ணாடி வழியே தெரியும் சாலை, முன்பே எடுத்ததைப் பின்னால் ஒரு திரையில் ஓட்டும் பேக் புரொஜெக்‌ஷன். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் திருப்பும் திசைக்கும் சாலையின் வளைவுக்கும் பொருத்தம் இருக்கிறதா பாருங்கள். வெஸ்டர்ன் படங்களில் இரவுக் காட்சியில் குதிரையின் நிழல் தரையில் கூர்மையாக விழுந்தால் அது பட்டப்பகலில் எடுத்த டே ஃபார் நைட். ரயில் விபத்து, யானைக் கூட்டம், கப்பல் தீப்பிடிப்பது என்று செலவான காட்சி திடீரென்று வந்து, அதன் பிலிம் துகளின் பருமனும் வெளிச்சமும் முன்பின் ஷாட்களோடு ஒட்டாமல் நின்றால் அது வேறு எதற்கோ எடுத்ததை எடுத்து ஒட்டிய ஸ்டாக் ஷாட். ரிபப்ளிக் ஸ்டுடியோவின் படங்களில் மட்டும் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். அங்கே லைடெக்கர் சகோதரர்கள் பெரிய அளவு மாதிரிகளைச் செய்து, திறந்தவெளியில் சூரிய ஒளியிலேயே படம்பிடித்தார்கள். உண்மையான லாரி என்று நினைத்தது பொம்மையாக இருக்கக்கூடும்.

எந்த வரிசையில்

'உலகின் மட்டமான படம்' என்று பெயரெடுத்தவற்றிலிருந்து தொடங்குவது பெரும்பாலோர் செய்யும் தவறு. கூட்டமாக உட்கார்ந்து கேலி செய்து பழகிவிட்டால் நல்ல படம் வரும்போது கண் வேலை செய்யாது.

முதல் மாலை 'த நேரோ மார்ஜின்' (1952). ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கம், 71 நிமிடம், ஏறக்குறைய முழுக்க ஓடும் ரயிலுக்குள். பின்னணி இசையே இல்லை, சக்கரமும் ஊதலும்தான். ரயில் பெட்டி செட்டை ஆட்டினால் செலவு என்று செட்டைத் தரையில் பொருத்திவிட்டு கேமராவை ஆட்டினார்கள். ஜன்னல் கண்ணாடிகளைக் கடைசிவரை கவனித்துக்கொண்டே வாருங்கள், ஏன் என்று முடிவில் தெரியும். இந்தப் படம் பிடிக்காதவரைப் பார்ப்பது அரிது, அதனால்தான் முதல் இடம்.

இரண்டாவது 'கேட் பீப்பிள்', மூன்றாவது 'டீடூர்'. நான்காவது ஜோசப் லூயிஸின் 'மை நேம் இஸ் ஜூலியா ராஸ்' (1945), 65 நிமிடம். கொலம்பியாவின் சிறு படம், ஒரு வீடும் ஒரு பெண்ணும். வேலைக்குச் சேர்ந்தவள் இன்னொருவன் மனைவி என்ற பெயரில் கண்விழிக்கிறாள். லூயிஸ் முன்பு வெஸ்டர்ன் எடுத்தபோது வறண்ட காட்சிகளில் வண்டிச் சக்கரத்தை முன்னால் வைத்து அதன் ஆரங்களின் ஊடே படம்பிடிப்பார். 'வேகன் வீல் ஜோ' என்றே பட்டப்பெயர். அந்தக் குணம் இங்கே ஜன்னல் கம்பிகளில் தொடர்வதைப் பாருங்கள். பிறகு அவருடைய 'கன் கிரேஸி' (1950): காரின் பின்னிருக்கையிலிருந்து ஒரே ஷாட்டில் ஒரு வங்கிக் கொள்ளை. கேமரா வங்கிக்குள் போகவே போகாது. உள்ளே செட் போடும் செலவும் மிச்சம், வெளியே காத்திருக்கும் தவிப்பும் நமக்கு.

ஐந்தாவது ஐடா லுபினோவின் 'த ஹிட்ச்-ஹைக்கர்' (1953), 71 நிமிடம். பொதுச்சொத்தான படம் என்பதால் பிரதிச் சோதனையை மறக்க வேண்டாம்.

இதற்குப் பிறகு நட்சத்திரத்தைப் பின்தொடராதீர்கள், ஒளிப்பதிவாளரைப் பின்தொடருங்கள். நிக்கலஸ் முசுராக்கா பெயரைப் பிடித்துக்கொண்டு 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் த தேர்ட் ஃப்ளோர்' (1940), 'கேட் பீப்பிள்', 'த செவன்த் விக்டிம்' (1943) மூன்றையும் பார்த்தால் இருட்டை ஒரு மனிதர் எப்படி வகைபிரித்தார் என்பது விளங்கும். ஜான் ஆல்டன், இயக்குநர் ஆன்டனி மேனோடு செய்த 'டி-மென்' (1947) இன்னொரு வாசல்.

தொடர்படங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொலம்பியாவின் 'விஸ்லர்', ஆர்கேஓவின் 'ஃபால்கன்' போன்றவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே இரவில் மூன்று பார்த்தால் கதை கலந்துவிடும், வாரத்துக்கு ஒன்று போதும். சார்லி சான் படங்களில் சீனத் துப்பறிவாளராகப் பெரும்பாலும் வந்தவர்கள் வார்னர் ஓலண்டும் சிட்னி டோலரும், இருவரும் வெள்ளையர். கறுப்பின நடிகர்களுக்குக் கிடைத்ததோ, பயந்து நடுங்கும் வேலைக்காரர் வேடம்தான். அதைப் பார்க்கும்போது வரும் கூச்சத்தைத் தள்ளிவிட வேண்டாம், படத்தின் மற்ற திறமையையும் அதற்காக மறைக்க வேண்டாம். மான்டன் மோர்லண்ட் போன்றவர்கள் அந்தக் குறுகிய வேடத்துக்குள் காட்டிய நகைச்சுவையின் நேரக் கச்சிதத்தைத் தனியாகக் கவனித்துப் பாராட்டலாம்.

முடிவுகள் சப்பென்று இருக்கின்றன என்ற குறை அடிக்கடி எழும். 1934 நடுவிலிருந்து தணிக்கை விதி கடுமையானது, குற்றம் செய்தவர் தண்டனை பெறாமல் படம் முடியக்கூடாது. கடைசி அரை நிமிடத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றால் அது தணிக்கைக்குச் செலுத்திய வரி. அதற்கு முந்தைய ஷாட்டில் படம் தன் கதையை முடித்திருக்கும்.

வீட்டில் இரட்டைக் காட்சி

பி படம் தனியாக ஓட எடுத்தது இல்லை. மாதம் ஒரு முறையாவது பழைய முறையில் போட்டுப் பாருங்கள்: 7 நிமிடக் கார்ட்டூன், 10 நிமிடச் செய்திச்சுருள், 68 நிமிடப் பி படம், 10 நிமிட இடைவேளை, பிறகு 100 நிமிட ஏ படம். மொத்தம் மூன்றேகால் மணி நேரம். இரண்டு படமும் ஒரே ஸ்டுடியோ, ஏறக்குறைய ஒரே ஆண்டாக இருந்தால் அதே நாற்காலி, அதே கதவு, அதே துணைநடிகர் இரண்டிலும் தலைகாட்டுவதைப் பிடிக்கலாம். 'ஆம்பர்சன்ஸ்', 'கேட் பீப்பிள்' இரண்டும் 1942, இரண்டும் ஆர்கேஓ. மாடிப்படியைத் தேடச் சொல்லாமல் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

தமிழ் ரசிகர்கள் தங்கள் பட்டியலில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 'த ஜங்கிள்' (1952). இயக்கியவர் வில்லியம் பெர்க், 'ஃபால்கன்' தொடரிலும் வெஸ்டர்ன்களிலும் தேர்ந்த பி பட இயக்குநர். தமிழில் 'காடு' என்று வந்தது. கதையில் வரும் ரோமம் அடர்ந்த பழங்கால யானைகள், நம்மூர் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தியவை. போர்வையின் ஓரம் எந்த ஷாட்டில் தெரிகிறது என்று பாருங்கள். கதாநாயகி மேரி வின்ட்சர், முதல் மாலை பார்த்த ரயில் படத்தில் சீறிக்கொண்டே இருந்த அதே பெண். இரண்டு படமும் வெளியானது ஒரே ஆண்டில், அதனால் இவற்றையே ஒரு இரட்டைக் காட்சியாக வைத்துக்கொள்ளலாம். ரயில் படத்தை இரண்டாவதாகப் போடுங்கள், அதன் வேகத்துக்குப் பிறகு எதுவும் தாக்குப்பிடிக்காது.